மலையகத்திலிருந்து முருகைக்கல் ஆய்வுக்குப் போவது எப்படி? படிப்பு, சுழியோடல், அளவீடு, வேலை

கொட்டகலை மாணவி எழுதியது:

உயர்தரத்தில் உயிரியல் பிரிவு, தமிழ் மொழிமூலம். கடல்சார் சூழலியலாளராக, அதிலும் முருகைக்கற்பாறைகளை ஆய்வு செய்பவராக வரவேண்டும் என்று விருப்பம். மருத்துவம், விவசாயம், ஆசிரியர் தொழில் என்பவற்றைத் தாண்டி வழிகாட்ட இங்கே ஆள் கிடைப்பது கஷ்டம். எந்தப் பட்டம் நல்லது? சுழியோடத் தெரிய வேண்டுமா? கடலே இல்லாத ஊரில் இருந்துகொண்டு இப்போது எதைப் பழகலாம்? வேலை எங்கே கிடைக்கும்? தெரிந்த அண்ணாமார், அக்காமார் விபரமாகச் சொல்லுங்கள்.

வண்டல் எழுதியது:

தங்கச்சி, வேலை எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்கிறேன். பட்டம் எது என்பது அதற்குப் பிறகு தானாக விளங்கும்.

முருகைக்கல் ஆய்வு என்றதும் எல்லோரும் நீருக்கடியில் நீந்துவதைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் ஒரு மணி நேரச் சுழியோடலில் எடுத்த தரவைச் சரிபார்த்து, அட்டவணையில் ஏற்றி, படங்களில் புள்ளி வைத்து அடையாளம் கண்டு, அறிக்கையாக எழுதக் கரையில் பல நாள் போகும். கரையோரக் கண்காணிப்பு இன்னும் அதிகமாக ஆய்வுகூட வேலை: நீர் மாதிரி, வண்டல், போசணை உப்புகள், பச்சையம், நுண்பிளாஸ்ரிக். ஆகவே இரசாயனவியலும் புள்ளிவிபரவியலும் உயிரியல் அளவுக்கே முக்கியம்.

பட்டத்திற்கு இலங்கையில் நேரடியான வழிகள்: மாத்தறையில் ருகுணு பல்கலைக்கழகத்தின் மீன்பிடி, கடல் விஞ்ஞானங்கள் மற்றும் தொழில்நுட்பப் பீடம்; பதுளையில் ஊவா வெல்லச பல்கலைக்கழகத்தின் நீர்வாழ் வளத் தொழில்நுட்பப் பட்டம்; யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மீன்பிடியியல் துறை. பேராதனை, கிழக்குப் பல்கலைக்கழகங்களில் விலங்கியலில் சிறப்புப் பட்டம் செய்து, இறுதி வருட ஆய்வைக் கடலில் வைத்துக்கொள்வதும் சரியான வழிதான். மட்டக்குளியில் உள்ள சமுத்திரப் பல்கலைக்கழகத்தையும் பாருங்கள். அந்தந்த வருடத் தகைமை எது என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் மட்டும் பார்க்கவும். போன வருடம் ஒருவர் சொன்னதை இந்த வருடம் நம்ப வேண்டாம்.

நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கின்றன. அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. உயர்தரத்தை எந்த மாவட்டத்தில் படித்தீர்கள் என்பது இதில் பார்க்கப்படும். கொழும்புப் பாடசாலைக்கு மாற யோசிப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தை இப்போதே தொடங்குங்கள். பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பாடங்கள் ஆங்கிலத்தில்தான் நடக்கும். தமிழ் மொழிமூலத்தில் படித்த நல்ல மாணவர்கள் முதல் வருடத்தில் தடுமாறுவது பெரும்பாலும் விஞ்ஞானம் விளங்காமல் அல்ல. வாசிக்கும் வேகம் போதாமல்தான்.

நீரடி நாடா எழுதியது:

அளவீடு பற்றி நான் எழுதுகிறேன். இதை விளங்கிக்கொண்டால் படிப்பு ஏன் அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதும் விளங்கும்.

அடிப்படை முறை அளவுநாடாக் கோடு. பல நாடுகளில் தன்னார்வச் சுழியோடிகள் பயன்படுத்தும் ரீஃப் செக் முறையில் 100 மீற்றர் நாடா, அதில் 20 மீற்றர் நீளமான நான்கு துண்டுகள், துண்டுகளுக்கிடையே 5 மீற்றர் இடைவெளி. ஒவ்வொரு அரை மீற்றருக்கும் நாடாவுக்கு நேர்கீழே என்ன இருக்கிறது என்று குறிக்க வேண்டும். ஒரு துண்டுக்கு 40 புள்ளி, மொத்தம் 160. வகைகள் பத்து: கடினப் பவளம் (முருகைக்கல்லைக் கட்டும் உயிர்), மென்பவளம், அண்மையில் இறந்த பவளம், போசணை மிகுதியைக் காட்டும் அல்கா, கடற்பஞ்சு, பாறை, உடைகல், மணல், சேறு, ஏனையவை. உடைகல்லுக்கும் பாறைக்கும் எல்லை 15 செ.மீ. மணலா சேறா என்று சந்தேகம் வந்தால் விரலால் கொஞ்சம் கிளப்பிப் பாருங்கள். உடனே கீழே விழுந்தால் மணல், கலங்கி நின்றால் சேறு.

பிழை எங்கே வருகிறது? முதலாவது, நாடா தொய்வாகக் கிடப்பது. அலை இழுக்கும்போது தொய்ந்த நாடா அரை மீற்றருக்கும் மேல் நகரும். புள்ளியைப் படிப்பவர் தன்னை அறியாமலே பவளம் இருக்கும் பக்கம் பார்வையைச் சாய்ப்பார். நாடாவை இறுக்கி, சில மீற்றருக்கொரு தடவை இறந்த பாறை முனையில் சுற்றி விடுங்கள். உயிருள்ள கிளையில் சுற்றக் கூடாது. புள்ளியை நேர்கீழே பார்க்க, நூலில் கட்டிய சிறு ஈயக்குண்டு போதும்.

இரண்டாவது, ஆழம் மாறுவது. 3 மீற்றரில் தொடங்கிய கோடு 7 மீற்றரில் முடிந்தால் அது இரண்டு வேறு சூழல்களின் கலவை. ஒரே சமவாழக் கோட்டில் நாடாவை விரியுங்கள்.

மூன்றாவது, ஆள் மாறுவது. ஒருவர் பாறை என்பதை மற்றவர் இறந்த பவளம் என்பார். களப்பயணத்தின் முதல் நாளில் ஒரே நாடாவை இருவர் தனித்தனியே படித்து ஒப்பிட வேண்டும். ஒத்துப்போகும் வரை தரவு எடுக்கத் தொடங்கக் கூடாது. நேரம் போகிறது என்று இதைத் தவிர்க்கும் குழுக்கள் பல. பிறகு வரும் மாற்றம் பவளத்தில் நடந்ததா, ஆள் மாறியதால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

எண்ணைப் பற்றியும் ஒரு விடயம். 160 புள்ளியில் 30 வீதம் கடினப் பவளம் என்று வந்தால், புள்ளிகள் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்தாலே நியமவழு 3.6 வீதம். அதாவது உண்மைப் பெறுமானம் ஏறத்தாழ 23க்கும் 37க்கும் இடையில். அடுத்த வருடம் 27 வந்தால் ‘பவளம் குறைந்தது’ என்று எழுத உரிமை இல்லை. ஒரு இடத்தில், ஒரே ஆழத்தில், குறைந்தது நான்கைந்து கோடுகள் எடுத்து, ஒவ்வொரு கோட்டையும் ஒரு மாதிரி அலகாகக் கொள்ளுங்கள். புள்ளியை மாதிரி அலகாகக் கொண்டு எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டும் அறிக்கைகள் நிறைய உண்டு, அவற்றைப் பார்த்துப் பழக வேண்டாம்.

மஸ்கெலியா மைந்தன் எழுதியது:

கடல் இல்லாத ஊர் என்று தங்கச்சி எழுதியிருக்கிறார். மகாவலி ஹோர்ட்டன் சமவெளியில் தொடங்கி 335 கி.மீ. ஓடித் திருகோணமலையில் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. தேயிலை மலையில் பழைய செடியைப் பிடுங்கி மீள்நடுகை செய்யும்போது கரையும் செம்மண்ணும், நுவரெலியா மரக்கறித் தோட்டங்களின் உரமும் அந்த ஆற்றோடுதான் போகின்றன. புறாத்தீவுப் பவளத்தை அழிப்பது நம்முடைய மண். அதை ஆராய மலையகத்துப் பிள்ளைகளை விடத் தகுதியானவர்கள் யார்?

கொட்டியாரம் எழுதியது:

மைந்தன் அண்ணே, உணர்வு சரி. ஆனால் புறாத்தீவு பற்றிச் சொன்னது சரியில்லை. ஒரு மாணவி இதை நம்பி ஆய்வு முன்மொழிவு எழுதினால் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும்.

மேல் மகாவலியில் கொத்மலை, பொல்கொல்ல, விக்டோரியா, ரந்தெனிகல, ரன்தம்பே என்று வரிசையாகத் தடுப்புகள் இருக்கின்றன. பருமணலும் கனமான வண்டலும் அங்கேயே படிந்துவிடும். பொல்கொல்லவிலும் ரன்தம்பேயிலும் வண்டல் நிறைவது நீண்டகாலமாகவே பெரிய பிரச்சினை. நீர்த்தேக்கங்களைத் தாண்டிப் போவது மிக நுண்ணிய களியும் கரைந்த போசணை உப்புகளும். கொட்டியாரக் குடாவுக்கு வரும் வண்டலில் கணிசமான பங்கு அணைகளுக்குக் கீழேயுள்ள நிலத்திலிருந்தும் ஆற்றங்கரை அரிப்பிலிருந்தும் வருவது.

அடுத்தது நீரோட்டம். மகாவலி பெருக்கெடுப்பது பெரும்பாலும் வடகீழ்ப் பருவத்தில். அந்தக் காலத்தில் கிழக்குக் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கிப் போகும். புறாத்தீவு நிலாவெளிக்கு முன்னால், கொட்டியாரக் குடாவுக்கு வடக்கே இருக்கிறது. கலங்கல் நீர் முதலில் போவது மூதூர்ப் பக்கமாகத் தெற்கே. புறாத்தீவை வருத்துபவை வெப்பநிலை உயர்வு, ஆழமற்ற பாறையில் மிதிக்கும் சுற்றுலாப் பயணிகள், வலைகள், நங்கூரங்கள், பவளத்தைத் தின்னும் முட்கிரீட நட்சத்திர மீன். அங்கே போய் மலையகத்து மண்ணைத் தேடினால் கிடைக்காது.

ஆனால் மேட்டு நிலத்துக்கும் கடலுக்கும் தொடர்பே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. தொடர்பை அளந்து காட்ட வேண்டும்.

மஸ்கெலியா மைந்தன் எழுதியது:

அணைகளின் விடயம் ஏற்றுக்கொள்கிறேன். அப்படியென்றால் களனி? மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதானே களனி ஆகிறது. அது 145 கி.மீ. மட்டுமே.

கொட்டியாரம் எழுதியது:

களனியிலும் மேலே காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் உண்டு. ஆனால் அவற்றுக்குக் கீழே நீண்ட ஈரவலய மலைச்சரிவு பெரிய நீர்த்தேக்கத் தடையின்றி வடிகிறது, தென்மேற்குப் பருவத்தில் பெருமழையும் அங்கேதான். ஆகவே நிலத்து வண்டல் கடலுக்குப் போவதைப் படிக்கக் களனி நல்ல இடம். இன்னொரு வசதியும் உண்டு: களனி கடலில் சேரும் மட்டக்குளிப் பக்கத்திலேயே, காக்கைத்தீவில், நீர்வாழ் வள ஆராய்ச்சிக்கான அரச நிறுவனமான நாரா இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் களனி கழிமுகத்துக்கு நகரக் கழிவும் தொழிற்சாலைக் கழிவும் சேர்ந்துதான் வரும். தோட்ட மண்ணை அதிலிருந்து பிரித்துக் காட்டுவதுதான் ஆய்வாளரின் வேலை.

வண்டல் எழுதியது:

பிரித்துக் காட்டும் வேலையை விபரமாக எழுதுகிறேன். என் பார்வையில், மலையகத்திலிருந்து வருபவருக்கு உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. மண், சரிவு, மழை, கான் எல்லாம் கண்ணால் பார்த்துப் பழகியவை.

கடலடியில் வண்டல் பொறி வைப்பது: 5 செ.மீ. உள்விட்டமுள்ள பீவீசி குழாய், அடி மூடியது, உயரம் விட்டத்தின் மூன்று மடங்குக்குக் குறையாமல். குட்டையான பொறியில் விழுந்த வண்டலை அலை மறுபடி கிளப்பி வெளியே கொண்டுபோய்விடும். இரும்புக் கம்பியில் மூன்று குழாய்களைச் சேர்த்துக் கட்டி, வாய் அடித்தளத்திலிருந்து ஏறத்தாழ 20 செ.மீ. மேலே இருக்க நிறுத்துங்கள். மூன்று வைப்பதன் காரணம், ஒன்றில் நண்டு குடியேறினாலும் மற்ற இரண்டு மிஞ்சும். வாயில் ஒரு செ.மீ. கண்ணுள்ள வலை போட்டால் மீன் புகாது, ஆனால் வலையில் பாசி பிடித்தால் வண்டல் உள்ளே விழாது. ஆகவே ஒரு மாதத்துக்கு மேல் விட வேண்டாம். எடுக்கும்போது நீருக்கடியிலேயே மூடியைப் போட்டுவிட்டு மேலே கொண்டுவாருங்கள்.

ஆய்வுகூடத்தில் நன்னீரால் கழுவி உப்பை நீக்கி, 60 பாகை செல்சியசில் நிறை மாறாமல் வரும்வரை உலர்த்தி நிறுங்கள். 5 செ.மீ. குழாயின் வாய்ப் பரப்பு 19.6 சதுர செ.மீ. 30 நாளில் 2.5 கிராம் சேர்ந்தால், நாளொன்றுக்குச் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 4.2 மி.கி. மனித அழுத்தம் இல்லாத பாறைகளில் இந்த அளவு 10க்குள் இருக்கும் என்பது 1990இல் வெளியான ஒரு மீளாய்வுக்குப் பிறகு பரவலாக எடுத்துக்கொள்ளப்பட்ட எல்லை. இதைக் கடுமையான விதியாகப் பிடிக்க வேண்டாம். பொறி புதிதாக வந்த வண்டலையும், அலை கிளப்பிய பழைய மணலையும் சேர்த்தே பிடிக்கிறது. அலை மிகுந்த மாதத்தில் எண் உயர்ந்தால் ஆறு காரணம் என்று எழுதிவிடாதீர்கள்.

அதனால்தான் பகுப்பாய்வு தேவை. உலர்ந்த மாதிரியில் ஒரு கிராம் எடுத்து 550 பாகையில் 4 மணி நேரம் உலையில் வைத்தால் குறையும் நிறை சேதனப் பொருள். மிச்சத்துக்கு 10 வீத ஐதரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக, நுரைப்பு நிற்கும்வரை சேருங்கள். பவளத்துண்டும் சிப்பித்தூளும் கல்சியம் காபனேற்று, அவை கரைந்துவிடும். கழுவி உலர்த்தி நிறுத்தால் மிஞ்சுவது பெரும்பாலும் நிலத்திலிருந்து வந்த களியும் படிகமும். அந்தப் பங்கு ஆற்று வாயிலிருந்து விலக விலகக் குறைகிறதா, மழைக்குப் பின் உயர்கிறதா என்று பார்ப்பதுதான் சான்று.

இதில் நம் மண்ணுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஈரவலயச் செம்மஞ்சள் மண்ணில் கயோலினைற்றுக் களி அதிகம். அது 550 பாகையில் தன் கட்டமைப்பு நீரை இழக்கும். தூய கயோலினைற்றில் அது நிறையில் 14 வீதம் அளவு. சேதனப் பொருள் எரிந்ததாக நாம் எழுதும் எண்ணில் இதுவும் கலந்துவிடும். களி மிகுந்த மாதிரிகளில் காபன் பகுப்பாய்வுக் கருவியால் சிலவற்றையாவது சரிபாருங்கள். வெளிநாட்டுக் கைந்நூலை அப்படியே பின்பற்றினால் இந்தப் பிழை கண்ணில் படாது.

நீர் மாதிரியில் தொங்கல் திண்மம் (நீரில் கரையாமல் தொங்கி நிற்கும் துகள்) அளக்கும்போது இன்னொன்று. கடல்நீரில் லீற்றருக்கு 35 கிராம் உப்பு. வடிதாளில் அரை மில்லிலீற்றர் கடல்நீர் தங்கினாலே, உலர்ந்தபின் 17 மி.கி. உப்பு மிஞ்சும். தெளிந்த கடலில் உண்மையான தொங்கல் திண்மமே லீற்றருக்குச் சில மி.கி. தான். ஆகவே வடித்து முடிந்ததும் காய்ச்சி வடித்த நீரால் 20 மி.லீ. வீதம் மூன்று முறை, தாளின் விளிம்பு உட்படக் கழுவ வேண்டும். வெறும் வடிதாள் வழியே காய்ச்சி வடித்த நீரை மட்டும் விட்டு ஒரு வெற்று மாதிரியும் ஒவ்வொரு தொகுதியிலும் வையுங்கள். ஆற்று நீருக்குப் பழகிய ஆய்வுகூடங்கள் கடல்நீரை முதன்முதல் செய்யும்போது அடிக்கடி தவறுவது இந்த இடத்தில்.

கொட்டகலை மாணவி எழுதியது:

மிக்க நன்றி. ஆற்றை இப்படிப் பின்தொடரலாம் என்று தெரிந்திருக்கவில்லை. சுழியோடல் பற்றியும் சொல்லுங்கள். நீந்தவே தெரியாதவர்கள் எங்கிருந்து தொடங்குவது?

திருமலைச் சுழியோடி எழுதியது:

நீச்சலிலிருந்து. ஆரம்பச் சுழியோடல் சான்றிதழுக்கு 200 மீற்றர் நிற்காமல் நீந்த வேண்டும் (அல்லது முகமூடி, துடுப்புக் காலணியோடு 300 மீற்றர்), 10 நிமிடம் மிதக்க வேண்டும். வேகம் பார்ப்பதில்லை. நீச்சல் தடாகத்தில், பயிற்றுநரோடு பழகுங்கள். நீர்த்தேக்கத்தில் பழக வேண்டாம். மதகு திறக்கும்போது இழுப்பு வரும், கரை வழுக்கும், அடியில் பழைய மரக்கட்டைகள் இருக்கும்.

முதல் சான்றிதழ் 18 மீற்றர் வரை, அடுத்தது 30 மீற்றர் வரை. நம் நாட்டில் கண்காணிப்புக் கோடுகள் பெரும்பாலும் 12 மீற்றருக்குள்தான், ஆழத்தைத் துரத்த வேண்டிய தேவை இல்லை. தேவையானது மிதப்புக் கட்டுப்பாடு. எழுதுபலகையில் பென்சிலால் எழுதிக்கொண்டே, கையால் எதையும் பிடிக்காமல், துடுப்பு பவளத்தில் படாமல் ஒரே மட்டத்தில் நிற்கத் தெரியாதவர் தரவு எடுக்க இறங்கக் கூடாது. மீட்புச் சுழியோடல், முதலுதவி, ஒட்சிசன் கொடுக்கும் பயிற்சி ஆகியவற்றையும் முடித்தவரைத்தான் நல்ல குழுக்கள் சேர்க்கும். மேலே வரும் வேகம் நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் போகாமல், 5 மீற்றரில் 3 நிமிடம் நிற்பது கட்டாயம்.

மலையகத்தவர் எல்லோரும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சுழியோடிய உடல் திசுக்களில் நைதரசன் கரைந்திருக்கும். வளியமுக்கம் குறைந்த இடத்துக்கு ஏறினால் அது குமிழியாக வெளிவரும். சுழியோடிகள் விமானம் ஏறுவதற்குமுன் காத்திருப்பது இதனால்தான்: ஒரு சுழியோடல் மட்டும் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒரே நாளில் பல தடவை அல்லது தொடர்ந்து பல நாள் சுழியோடினால் 18 மணி நேரம், வழமையான அந்த 3 நிமிடத்துக்கு மேலாக அமுக்கநீக்க நிறுத்தம் தேவைப்பட்ட சுழியோடலுக்கு 24 மணி நேரத்துக்கும் மேல். இந்த விதி 600 முதல் 2,400 மீற்றர் உயரத்துக்கு ஒப்பான விமான அறை அமுக்கத்துக்கானது. அட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர், பண்டாரவளை 1,230, நுவரெலியா 1,868. எல்லாம் அந்த எல்லைக்குள். பஸ்ஸில் ஏறினாலும் விமானத்தில் ஏறினாலும் உடலுக்கு ஒன்றுதான்.

நிலாவெளியில் மதியம் கடைசிச் சுழியோடலை முடித்துவிட்டு இரவு பஸ்ஸில் கண்டி வழியாக றம்பொடை ஏறி வீடு போவது ஆபத்து. தெற்கிலிருந்து வெல்லவாய வழியாக எல்ல ஏறுவதும் அப்படியே. களப்பயணத்தின் கடைசி நாளைச் சுழியோடல் இல்லாமல் வையுங்கள். படம் பிரிப்பது, உபகரணம் நன்னீரில் கழுவுவது, தரவு ஏற்றுவது எல்லாம் அன்றைக்கு. அடுத்த நாள் காலையில் புறப்படுங்கள். வழியிலோ வீட்டிலோ மூட்டு வலி, மரத்துப்போதல், தலைச்சுற்று வந்தால் அசதி என்று படுத்துவிடாமல் வைத்தியசாலைக்குப் போய், சுழியோடியதையும் மலை ஏறியதையும் முதலில் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் வைத்தியருக்கு அது தோன்றாமல் போகலாம்.

லிந்துலை எழுதியது:

இதை இழையின் மேலே நிறுத்தி வைக்க வேண்டும். தென்கரையில் சுழியோடல் மையங்களில் வேலை செய்யும் தோட்டத்துப் பொடியன்கள் விடுமுறைக்கு வரும்போது நேரே மலை ஏறுகிறார்கள். அவர்களுக்கும் தெரியப்படுத்துங்கள்.

கல்குடா எழுதியது:

வெளிறல் பற்றி, அதாவது கடல் சூடாகும்போது பவளம் தன்னுள் வாழும் பாசியை இழந்து வெள்ளையாவது பற்றி, யாரும் தொடவில்லை. இலங்கையில் கண்காணிப்பின் மையம் இப்போது அதுதான். 1998இல் ஹிக்கடுவையும் கற்பிட்டிக்கு வெளியேயுள்ள பெரும்பாறையும் (Bar Reef) கடுமையாக அடிபட்டன, திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. பெரும்பாறை ஓரளவு மீண்டு வந்தபோது 2016இல் மறுபடி விழுந்தது. 2024 ஏப்ரலில் உலகின் நான்காவது பெருவெளிறல் அறிவிக்கப்பட்டது.

முன்னெச்சரிக்கைக்கு அமெரிக்காவின் நோவா நிறுவனத்தின் செய்மதித் தரவு இலவசம், 5 கி.மீ. துல்லியம். அதில் ‘வெப்ப வாரம்’ என்ற அலகைக் கணக்கிடத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு இடத்தின் வழமையான மிகச்சூடான மாதச் சராசரி 29.0 பாகை என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரம் 30.2 இருந்தால் மிகை 1.2, அது கணக்கில் சேரும். அடுத்த வாரம் 29.8 இருந்தால் மிகை 0.8, ஒரு பாகைக்குக் குறைவானதால் சேராது. கடைசி 12 வாரங்களின் கூட்டுத்தொகை 4ஐத் தொட்டால் வெளிறலை எதிர்பார்க்கலாம், 8ஐத் தாண்டினால் பரவலாக இறப்பும் வரும். நம் கடலில் மார்ச் முதல் மே வரை வாரந்தோறும் இதைப் பாருங்கள். கொட்டகலையில் இருந்துகொண்டே செய்யலாம்.

செய்மதி காண்பது மேற்பரப்பை. பாறையின் ஆழத்தில் என்ன வெப்பநிலை என்பதற்குப் பதிவுக்கருவி வேண்டும். 30 நிமிட இடைவெளி போதும். வைக்கும் முன்பும் எடுத்த பின்பும் பனிக்கட்டியும் நீரும் கலந்த வாளியில் எல்லாக் கருவிகளையும் சேர்த்து வைத்து 0 பாகை காட்டுகிறதா என்று பாருங்கள். ஆழமற்ற இடத்தில் நேர் வெயில் பட்டால் கருவியே சூடாகி நடுப்பகலில் பொய்யான உச்சம் காட்டும். துளையிட்ட வெள்ளைப் பீவீசி குழாய்க்குள் வைத்துப் பாறையின் நிழல் பக்கம் கட்டுங்கள். கட்டுப்பட்டி ஒன்று போதாது, இரண்டு போடவும்.

களத்தில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் வெளிறல் அல்ல. வெளிறிய பவளத்தில் உயிர்த்தசை இருக்கும், உற்றுப் பார்த்தால் கண்ணாடி போன்ற உணர்கொம்புகள் தெரியும். முட்கிரீட நட்சத்திர மீன் தின்ற இடத்தில் வெறும் எலும்புக்கூடு, உயிருள்ள பகுதியோடு தெளிவான எல்லை. கிளைகளின் அடியில் சிறு நத்தைக் கூட்டம் இருந்தால் அது வேறு தின்னி. இறந்து சில நாளில் மேலே பச்சைப் பாசி படரும். நிறத்தை அளக்கக் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கோரல்வாட்ச் நிற அட்டை இருக்கிறது, 1 முதல் 6 வரை. ஒரே காலனியில் 2 படி மாறினால் கருத்தில் கொள்ளத்தக்க மாற்றம். அட்டை வெயிலில் வெளிறிவிடும் என்பதால் பழைய அட்டையைப் புதியதோடு ஒப்பிட்ட பிறகே பயன்படுத்துங்கள்.

கரைச்சட்டம் எழுதியது:

வேலையும் அனுமதியும் பற்றிச் சுருக்கமாக.

அரசில் நாரா, கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபை, கரையோரம் பேணல் திணைக்களம், மத்திய சுற்றாடல் அதிகார சபை, வனசீவராசிகள் திணைக்களம். வெற்றிடங்கள் வர்த்தமானியிலும் அந்தந்த நிறுவனத் தளங்களிலும் வரும், ஒழுங்காக வருவதில்லை. தனியார் பக்கம் பெரும்பாலான வேலை சுற்றாடல் தாக்க மதிப்பீடு: துறைமுகம், ஹோட்டல், மணல் அகழ்வு. அங்கே போகிறவர்கள் ஒரு விடயத்தில் உறுதியாக நில்லுங்கள். திட்டம் தொடங்கும் முன் ஒரே ஒரு தடவை அளந்து அதை ‘அடிப்படைத் தரவு’ என்று எழுதச் சொன்னால் மறுக்க வேண்டும். இரண்டு பருவக்காற்றுக் காலங்களிலும், பாதிக்கப்படாத ஒப்பீட்டு இடத்திலும் அளவு இல்லாவிட்டால் பின்னால் வரும் சேதத்தை நிரூபிக்க வழியே இருக்காது.

2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் குருணை கடலில் கலந்தபோது, முன்னைய அளவுகள் எவ்வளவு பெறுமதியானவை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. இழப்பீட்டுக் கோரிக்கையில் முதல் கேள்வி, அதற்கு முன் அந்தக் கரை எப்படி இருந்தது என்பதுதான்.

அனுமதி: கடற் தேசியப் பூங்காவிலோ சரணாலயத்திலோ நாடா விரிக்கவும் வனசீவராசிகள் திணைக்களத்தின் ஆய்வு அனுமதி வேண்டும். கடினப் பவளத்தின் துண்டைக் கூட, இறந்ததாக இருந்தாலும், அனுமதியின்றி எடுக்கக் கூடாது. மாதிரியை வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்ப, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் ஆவணமும் தேவை. இவற்றுக்கு மாதக்கணக்கில் நேரம் போகும். பட்டப்படிப்பு ஆய்வின் கால அட்டவணையைப் போடும்போதே விண்ணப்பத்தை எழுதிவிடுங்கள்.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். பாசிக்குடா, காயங்கேணி, வாகரை, மூதூர், நிலாவெளி மீனவர்களிடம் தமிழில் நேரடியாகப் பேசித் தகவல் பெறலாம். எந்தப் பாறையில் எந்த வருடம் மீன் குறைந்தது என்று அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. தெற்குக் கரைக்குச் சிங்களம் வேண்டும். மலையகத்துப் பிள்ளைகள் பலருக்கு இரண்டும் வரும்.

கொட்டகலை மாணவி எழுதியது:

கடைசியாக ஒன்று. பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் போகும்வரை நீண்ட இடைவெளி வரும். பெரிய செலவில்லாமல், எங்கள் தோட்டத்து ஆற்றை வைத்து உருப்படியாகச் செய்யக்கூடியது ஏதும் உண்டா?

வண்டல் எழுதியது:

உண்டு. ஒரே ஓடையில் இரண்டு இடம் தெரிவு செய்யுங்கள்: மீள்நடுகை நிலத்துக்கோ மரக்கறிப் பாத்திக்கோ மேலே ஒன்று, கீழே ஒன்று. இடையில் வேறு கிளை வந்து சேரக் கூடாது. ஒரு மீற்றர் நீளமான ஒளிபுகும் குழாயின் அடியில் கறுப்பு வெள்ளை வட்டு ஒட்டி, நீரை ஊற்றி, வட்டு மறையும் உயரத்தைச் செ.மீ.யில் குறியுங்கள். நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும், எப்போதும் ஒரே ஆளின் கண். போத்தலில் மாதிரி எடுப்பதாயின் ஓட்டத்துக்குக் கீழ்ப்பக்கம் நின்று, போத்தல் வாயை ஓட்டம் வரும் திசைக்குத் திருப்பி, நடு ஆழத்தில்.

வாரத்துக்கொரு நாள் ஒழுங்காக அளப்பதோடு, மழை நாளையும் பிடிக்க வேண்டும். வருடத்து மண்ணில் பெரும்பகுதி சில பெருமழைகளில்தான் போகும், அதுவும் ஓடை ஏறத் தொடங்கும் முதல் நேரத்தில். மழை விட்டபின் எடுத்த மாதிரி உச்சத்தைத் தவறவிட்டிருக்கும். வெள்ளத்தில் இறங்க வேண்டாம், பாலத்திலிருந்து கயிற்று வாளி போடுங்கள்.

பாடசாலைத் தராசு 0.01 கிராம் வரைதான் காட்டும் என்றால் தெளிந்த நீரின் தொங்கல் திண்மத்தை அதில் அளக்க முடியாது. கலங்கிய மழைநீரில் பல லீற்றரைப் படியவிட்டு, அரைக் கிராமுக்கு மேல் சேர்ந்தால் மட்டும் நிறுங்கள். மற்ற நாட்களுக்குக் குழாய் அளவே போதும். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் மீள்நடுகைக்கு முன் குவாத்தமாலாப் புல் அல்லது மானாப் புல் வளர்க்கச் சொல்வது வழக்கம். உங்கள் பக்கத்தில் புல் போட்ட நிலமும் வெறும் நிலமும் இருந்தால் அந்த ஒப்பீட்டையே செய்யுங்கள்.

நீரடி நாடா எழுதியது:

மழை இல்லாத நாளில், பவளப் படங்களில் புள்ளி வைத்து அடையாளம் காணும் கோரல்நெட் இணையத்தளத்தில் பொதுவில் உள்ள படங்களை எடுத்து, ஒரு படத்துக்கு 50 புள்ளி வைத்துப் பழகுங்கள். முதலில் அக்ரோபோரா, பொசிலோபோரா, போரைற்றிஸ், மொன்ரிபோரா என்ற நான்கு பவள வகைகளையும் பிரிக்கத் தெரிந்தால் போதும். இனம் வரை போக அவசரப்பட வேண்டாம். புள்ளிவிபரத்துக்கான ‘ஆர்’ மென்பொருள் இலவசம், ஓடைத் தரவை அதில் வரைந்து பாருங்கள்.

தாளில் எழுதும் ஒழுங்கும் இப்போதே பழகுங்கள். திகதி, தொடங்கிய நேரம், இடக் குறியீடு, அளந்தவர், முந்திய நாள் மழை. ஜிபிஎஸ் எண்ணைத் தசமப் பாகையில், எந்த ஆள்கூற்று முறை என்ற குறிப்போடு எழுதுங்கள். இலங்கை நிலவரைபடக் கட்டத்தின் எண்ணோடு கலந்தால் இடம் தவறிப் போகும். பார்த்து ஒன்றுமில்லை என்றால் 0 போடுங்கள். அளக்கவில்லை என்றால் கோடு போட்டுக் காரணத்தை எழுதுங்கள். வெறுமையாக விட்ட கட்டம் இந்த இரண்டில் எது என்று ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே தெரியாது.